எதிர் வீட்டுச் சாவி

நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பிரேக்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். குறுக்கே கோழி வந்தாலும் சரி, கோழியின் நிழல் வந்தாலும் சரி, ஒரே மிதி. நின்றுகொண்டு வருகிற சனம் மொத்தமும் ஒரு முறை முன்னால் போய்விட்டுப் பின்னால் வரும். திட்டாத வாய் கிடையாது. ஆனால் வேலையை விட்டு இறங்குகிற நாள் வரைக்கும் அவர் சக்கரத்தில் ஓர் உயிர் போனதில்லை. அப்படிப்பட்ட மனிதர், வாழ்க்கையில் கட்டாயம் மிதித்திருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மிதிக்காமல் போனார். ஒரு தடவை இல்லை, பல தடவை.

முழங்கால் தேய்ந்துபோய் விருப்ப ஓய்வு வாங்கியபோது கையில் மொத்தமாக ஒரு தொகை வந்தது. அதற்குமேல் அவருக்கு வேறு சொத்து என்றால் குடியிருந்த சின்ன வீடு ஒன்றுதான். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். மனைவி வாசல் அறையில் தையல் மெஷின் போட்டுக் குடும்பத்தின் ஓட்டைகளையும் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொகை வங்கிக்கு வந்து சேருவதற்குள் மைத்துனன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான். வீட்டு புரோக்கர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு செல்போன், வாயில் எப்போதும் ஒரு திட்டம்.

"மாமா, பணத்த பேங்க்ல போட்டா தூங்கும். வீட்டுல போட்டா வேலை செய்யும். பழைய வீடா ஒண்ணு வாங்குவோம். பளபளன்னு ஆக்கி வித்துருவோம். வர்ற லாபத்துல ரெண்டு சின்ன வீடு பிடிச்சு வாடகைக்கு விட்டுட்டா, நீங்க கால் மேல கால் போட்டு உக்காரலாம்."

முழங்கால் வலிக்கிறவனிடம் கால் மேல் கால் போடலாம் என்று சொன்னால் மயங்காமல் என்ன செய்வான். மனைவிதான் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி என்றாலும் அவள் தம்பியை அவளுக்குத் தெரியும். அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைக்கக் கூடாது, ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள் என்று பாதி நாள் மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள். பத்து டன் வண்டியைச் சந்துக்குள் பின்னால் எடுத்தவனுக்கு ஆழமும் அகலமும் நீ சொல்லித் தர வேண்டாம் என்று பிரேக் சொல்லிவிட்டார்.

வீடு கிடைத்தது. பழைய கட்டடம் ஒன்றின் மேல் மாடி. அந்த மாடியில் எதிரும் புதிருமாக இரண்டே வீடுகள், இரண்டும் பூட்டிக் கிடந்தன. கதவில் எண் தகடுகூடக் கிடையாது, எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. விற்கிற ஆள் தூர ஊரில் இருந்தான். அவனுடைய உறவுக்காரர் ஒருவர் சாவியோடு வந்து காட்டினார். அன்றைக்கு முன்பக்கப் படிக்கட்டில் பூச்சு வேலை நடந்ததால் பின்பக்கப் படிக்கட்டில் ஏறினார்கள். ஏறி முடித்ததும் இடது கைப்பக்கம் வீடு. உள்ளே கூரை முட்டும் அளவுக்குப் பழைய சாமான். எல்லாம் குப்பை, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றார் உறவுக்காரர். அந்தக் குப்பைக்குள்ளும் பிரேக் ஒன்றை மட்டும் நன்றாகப் பார்த்துவைத்தார். சமையலறை இடது பக்கம், ஜன்னல் வலது பக்கம்.

பத்திரம் பதிந்தது, பணம் கைமாறியது, சாவி வந்தது. மைத்துனனுக்கு அன்று வேறு வேலை. பிரேக் தனியாகப் போனார். முன்பக்கப் படிக்கட்டின் பூச்சு வேலை முடிந்திருந்ததால் அந்த வழியாகவே ஏறினார். ஏறி முடித்ததும், மனதில் இருந்தபடியே, இடது கைப்பக்கம் திரும்பினார்.

ஒரு தெருவுக்குள் இந்த முனையிலிருந்து வந்தால் இடது பக்கம் இருக்கிற கடை, அந்த முனையிலிருந்து வந்தால் வலது பக்கம் இருக்கும். இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அதே தெருக்களில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை போகவும் வரவும் பஸ் ஓட்டியவருக்குத் தெரியாதா? தெரியும். ஸ்டியரிங் கையில் இருந்தால் தெரியும். வீட்டுக்காரன் ஆகிவிட்ட சந்தோஷத்தில் படியேறுகிறவனுக்குத் தெரியாது.

சாவி திரும்பவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். மைத்துனனுக்குப் போன் போட்டார். துருப்பிடித்த பூட்டு மாமா, உடைத்துத் தூக்கி எறியுங்கள் என்றான் அவன். முனைக் கடையில் பூட்டு வேலை செய்கிறவரைக் கூட்டி வந்து உடைத்தார். முதல் பிரேக் இங்கேதான் மிதித்திருக்க வேண்டும்.

உள்ளே போனதும் லேசாகத் திகைத்தார். சமையலறை வலது பக்கம் இருந்தது, ஜன்னல் இடது பக்கம். கொஞ்ச நேரம் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். முப்பது வருடம் பின்னால் வருகிறதையெல்லாம் கண்ணாடியிலேயே பார்த்தவனுக்கு ஞாபகமும் கண்ணாடி மாதிரி இடவலம் மாறித்தான் பதியும் என்று ஒரு சமாதானம். இப்படி ஒரு சமாதானத்தை அவரைத் தவிர வேறு எந்த மனிதனும் கண்டுபிடித்திருக்க முடியாது. சாமான் குறைவாக இருந்ததற்கும் சமாதானம் இருந்தது: உறவுக்காரர் தேறியதையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருப்பார்.

அதைவிட ஒரு வேடிக்கை. வீட்டில் ஒரு பல்புகூட இல்லை. எல்லா இடத்திலும் வெறும் ஹோல்டர். போகிற போக்கில் பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போன கஞ்சன் என்று விற்றவனை நினைத்துச் சிரித்தார். சுவர் நெடுக இடுப்பு உயரத்தில் ஒல்லியான இரும்புக் குழாய் ஒன்று ஓடியது. வாசலில் தொடங்கி, படுக்கையறை, குளியலறை, சமையலறை என்று எங்கும் விடாமல் ஓடி, ஜன்னல் பக்கம் ஒரு வளைவு வளைந்து நின்றது. பஸ்ஸுக்குள் கம்பி மாதிரி இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் கண்ணாடி இல்லை, முட்கள் வெளியே நின்றன. முகம் பார்க்க ஒரு கண்ணாடி வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

சாமான் ஒழிக்கிற அன்று மனைவி வந்தாள். பாத்திரங்கள் அளவு வாரியாக ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியிருந்தன. அலமாரியில் துணிகள் ஓரம் பிசகாமல் மடித்திருந்தன. அவள் ஒரு புடவையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, தூக்கிப் போடச் சொன்ன சாமான் மாதிரி இல்லையே. யாரோ நேத்து வரைக்கும் குடும்பம் நடத்துன வீடு மாதிரி இருக்கு."

உனக்கு எதிலும் சந்தேகம் என்றார் அவர். பழைய இரும்புக் கடை வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. கடிகாரமும் போனது. குழாய்களை கட்டிங் மெஷின் வைத்து அறுத்தார்கள். பொறி பறந்தது. கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் மேலே வந்து சத்தம் அதிகமாக இருக்கிறது என்று குறைப்பட்டாரே தவிர, யாரோ மேல் மாடி வீட்டை வாங்கியிருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரிந்த விஷயம்தான், அதனால் எந்த வீடு என்று அவரும் கேட்கவில்லை.

பிறகு பிரேக் தன் ஆயுள் ஆசையெல்லாம் அந்த வீட்டின் மேல் கொட்டினார். கூடத்தில் சொரசொரப்பான சிமென்ட் தரை, படுக்கையறையில் வழவழப்பு, சமையலறையில் மொசைக் என்று அறைக்கு ஒன்றாக இருந்ததையெல்லாம் பெயர்த்துவிட்டு, வீடு முழுக்க ஒரே வெள்ளை டைல்ஸ் போட்டார். சமையலறைச் சுவரை இடித்து கூடத்தோடு சேர்த்தார். இடிப்பு வேலை முடிந்த பிறகுதான் மைத்துனன் வந்து பார்த்தான். நூறு வீடு பார்த்த கண்ணுக்கு எல்லா வீடும் ஒன்றுதான். அவன் யோசனைப்படி கூடத்தில் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றைச் சுவரோடு பதித்தார்கள். ஒவ்வொரு ஹோல்டரிலும் பளிச்சென்று பல்பு. விலைக்குப் பார்க்க வருகிறவர்களைப் பற்றி மைத்துனன் ஒரு பாடமும் எடுத்தான். உண்மையாகவே வாங்குகிறவன் எதையும் உற்றுப் பார்க்க மாட்டான், பிடித்தது தெரிந்தால் விலை ஏறுமே என்று முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வான், அவனைத்தான் விடக் கூடாது.

ஓய்வில் வந்த தொகையின் கடைசி நாணயமும் அந்தக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஒரு பிற்பகல். வார்னிஷ் காயட்டும் என்று வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு, பிரேக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடிக்குள் ஒரு பெண்மணி வருவது தெரிந்தது. அவர் வயதுதான் இருக்கும். தோளில் பை. லேசாக நொண்டினாள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். கையில் இருந்த எதையோ மடக்கிப் பைக்குள் வைத்தாள். தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி சாதாரணமாக உள்ளே காலெடுத்து வைத்து, வலது கையைச் சுவர் பக்கம் நீட்டினாள். கை சுவரில் பட்டது. கொஞ்சம் மேலே போனது, கீழே வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

முதல் கிராக்கி வந்துவிட்டது என்று பிரேக்குக்குத் தலைகால் புரியவில்லை. வாங்கம்மா வாங்க என்று எழுந்து ஓடினார். பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறாள், விஷயம் தெரிந்தவள். ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டே போனார். டைல்ஸ் எங்கேயும் இணைப்பே தெரியாது, காலை வைத்தால் சறுக்கிக்கொண்டு போகும். முன்பு இங்கே ஒரு சுவர் இருந்தது, இடித்தாகிவிட்டது. சுவர் முழுக்கக் குழாயாக ஓடிக்கொண்டிருந்தது, பஸ்ஸுக்குள் இருக்கிற மாதிரி, அதையெல்லாம் அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. அவர் கை காட்டிய எதையும் அவள் பார்க்கவில்லை. முகம் வேறு எங்கோ இருந்தது. மைத்துனன் சொன்ன பாடம் ஞாபகம் வந்து அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"இது யாரு வீடுங்க?" என்றாள் அவள்.

"என் வீடுதாம்மா."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "மன்னிச்சுக்குங்க. மாடி தப்பி ஏறிட்டேன் போல."

திரும்பினாள். வாசலுக்குப் போகாமல் நேராக நிலைக்கண்ணாடியில் போய் மோதினாள். இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, அது என்னவென்று தெரியாமல் தடவினாள். பிரேக் அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தார். அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலைக் கண்டுபிடித்து வெளியே போனாள். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக் கீழ் மாடிக்கு இறங்கினாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். மறுபடி ஏறி வந்தாள். மேல் மாடியில் கைப்பிடி முடிகிற இடத்தில் ஒரு நசுங்கல் உண்டு. அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு கதவு நிலைக்கு வந்து, அதன் உள்பக்கம் தேடி, ஓர் ஆணியின் தலையைத் தொட்டாள். பிரேக் அந்த ஆணியின் மேல் வார்னிஷ் பூசியிருந்தாரே தவிரப் பிடுங்கவில்லை.

"இந்த ஆணி நான் அடிச்சது. சாவி மாட்டுறதுக்கு. இது என் வாசல்தான்." இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என் வீடு எங்க?"

நமக்கு எத்தனையோ அதிர்ச்சிகளைப் பற்றித் தெரியும். தலையில் இடி விழுந்தது என்போம், காலடியில் பூமி நழுவியது என்போம். பிரேக்குக்கு அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு வீட்டில் பல்பு இல்லாதது ஞாபகம் வந்தது. கடிகாரத்துக்குக் கண்ணாடி இல்லாதது ஞாபகம் வந்தது. அறைக்கு ஒரு தரை இருந்ததும், பாத்திரம் அளவு வாரியாக அடுக்கியிருந்ததும், குழாய் எங்கும் விடாமல் ஓடியதும் வந்தன. ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. சட்டைப் பையில் அந்தத் திரும்பாத சாவி இன்னும் கிடந்தது. எடுத்துக்கொண்டு எதிர்க் கதவுக்குப் போனார். நுழைத்துத் திருப்பினார். எந்தச் சிணுங்கலும் இல்லாமல் திரும்பியது. உள்ளே கூரை முட்டச் சாமான். சமையலறை இடது பக்கம், ஜன்னல் வலது பக்கம்.

அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பூட்டை உடைத்து ஒரு பார்வையில்லாதவளின் வீட்டுக்குள் புகுந்து, பாத்திரத்திலிருந்து புடவை வரைக்கும் விற்று, அவள் கைக்குத் துணையாக இருந்ததை அறுத்து எறிந்திருக்கிறார். திருடன்கூட இதில் பாதிதான் செய்வான். தன் பணம் முழுவதும் இன்னொருத்தி வீட்டுச் சுவரில் பூசப்பட்டுவிட்டது என்பது அதற்கு அப்புறம்தான் உறைத்தது.

அவள் ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். பார்வை போன பிறகு வாங்கிய வேலை, அந்த வேலையில் வாங்கிய வீடு. வெல்டர் பக்கத்திலேயே நின்று, இங்கே, இதற்குக் கொஞ்சம் கீழே என்று கையால் காட்டிக் காட்டிப் போட்ட குழாய். கால் முறிந்து தம்பி வீட்டுக்குப் போனவளை, இனி எதற்குத் தனியாக என்று அவர்கள் அங்கேயே வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குமேல் சண்டை போட்டு, அன்றைக்குத்தான் ஆட்டோ பிடித்துத் தனியாக வந்திருந்தாள். எல்லாவற்றையும் வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

போன் போட்டதும் மைத்துனன் பறந்து வந்தான். இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகமும் வெளுத்துத்தான் போனது, ஆனால் புரோக்கர் மூளைக்கு வெளுக்கிற வழக்கம் இல்லை. மாமாவைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, அவங்களுக்குக் கண்ணு தெரியாது. எதிர் வீட்ட ஒழிச்சு, அந்தக் குழாய அங்க மாட்டி, இதான் உங்க வீடுன்னு உக்கார வெச்சுட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

அவனை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. அதுதான் கதையிலேயே மோசமான இடம், அவரே பின்னால் பல பேரிடம் சொன்னது. சாமானை ஒழிக்க எத்தனை நாள் ஆகும், வெல்டர் எப்போது கிடைப்பான் என்று அவர் மனம் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. தன் மனம் ஓடுவதைத் தானே பார்த்துத் திகைத்து நின்றபோது, உள்ளேயிருந்து ஆபரேட்டரம்மாவின் குரல் வந்தது. பத்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் பிரித்துக் கேட்ட காது அது.

"என் வீட்டுல சமையக்கட்டு வலது கைக்கு. அங்க இடது கைக்கு. தம்பி, கண்ணுதான் போச்சு. கையும் காலும் இருக்கு."

மைத்துனன் போன இடம் தெரியவில்லை. இரண்டு செல்போனும் அன்று முழுக்க அணைந்தே கிடந்தன.

மனைவி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் அழவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை, நான் அப்பவே சொன்னேனே என்று கூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் பிரேக் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார். ஆபரேட்டரம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிங்க அக்கா என்றாள். ஆபரேட்டரம்மாவின் தம்பி போனில் போலீசுக்குப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். ஆபரேட்டரம்மா போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "போலீஸ் வந்தா இவர இழுத்துட்டுப் போவாங்க. அப்புறம் என் சுவத்த யாரு கட்டுறது?" என்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பழைய வீடு, பழையபடி. புதுசு வேண்டாம், நஷ்ட ஈடு வேண்டாம். தம்பி வீட்டுக்குத் திரும்பிப் போனால் மறுபடி வெளியே வர முடியாது, அதனால் சீக்கிரம் வேண்டும்.

"உடைச்சது நீங்க. கட்டுறதும் நீங்கதான்," என்றாள் மனைவி. அதற்குமேல் அந்த வீட்டில் விவாதம் கிடையாது.

ஆனால் எதை வைத்துக் கட்டுவது? உடனே காசாக்கக்கூடியது குடியிருந்த வீடு ஒன்றுதான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம், நல்ல வாடகை போகும். ஆக, வாடகை வாங்கிக் கால் மேல் கால் போட்டு உட்காரக் கனவு கண்டவர் முதன்முதலாக வாடகைக்கு விட்டது தான் படுத்து எழுந்த வீட்டை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு, தையல் மெஷினையும் மகளின் புத்தகங்களையும் சுமந்து, கூரை முட்டக் குப்பை கிடந்த அந்தச் சொந்த வீட்டுக்குக் குடி வந்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை கேட்டிருப்பீர்கள். இங்கே குரங்கையும் பிடித்தவரே வளர்க்க வேண்டியதாயிற்று.

ஆபரேட்டரம்மாவும் வேலை முடிகிறவரை அவர்களோடுதான் இருந்தாள். அந்த நாட்களில்தான் பிரேக்குக்குத் தான் என்ன செய்தோம் என்பது முழுசாகப் புரிந்தது. காலையில் எழுந்ததும் அவள் கை வலது பக்கம் நீளும், அங்கே ஒன்றும் இருக்காது. தண்ணீர் எடுக்கப் போய் ஜன்னலில் நிற்பாள். ஒரு நாள் துணி மூட்டை தடுக்கி விழுந்து, முறிந்து சேர்ந்த காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மைத்துனனின் யோசனைப்படி நடந்திருந்தால் ஆயுள் முழுக்க இப்படித்தான். அவளோ மனைவியோடு பேசினாள், மகளோடு சிரித்தாள், பிரேக் பேசினால் மட்டும் பதில் சொல்ல மாட்டாள். அவர் எது கேட்டாலும் மனைவி வழியாகத்தான் பதில் வரும். கண் கெட்ட பிறகு என்று தொடங்குகிற பழமொழி ஒன்றை கொத்தனார் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அரை நாள் தலை நிமிராமல் வேலை செய்தார்.

அந்தக் கொத்தனார்தான் டைல்ஸ் போட்டவர். தான் போட்டதைத் தானே பெயர்க்கச் சொன்னதும் பிரேக்குக்கு மூளை பிசகிவிட்டது என்று முடிவு கட்டினார். கடப்பாரையை முதல் டைல்ஸில் வைக்கிற நேரம் பார்த்து ஓர் இளம் தம்பதி வந்து நின்றது. மைத்துனன் எப்போதோ கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள். சொன்ன விலையைக் கொடுக்கத் தயார் என்றார்கள், பேரம்கூடப் பேசவில்லை. பிரேக் கனவில் கண்ட அதே விலை. அந்தப் பெண் நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர் வீட்டு வாசலில் ஆபரேட்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது விக்கிற வீடு இல்லங்க," என்றார் பிரேக். சொல்லிவிட்டுக் கொத்தனாரைப் பார்த்துத் தலையை அசைத்தார். கடப்பாரை இறங்கியது. அந்தப் பெண் ஐயோ என்றாள். பிரேக்கும் உள்ளுக்குள் அதையேதான் சொன்னார்.

சுவர் எழும்பியது. கூடத்துக்குச் சொரசொரப்பு, படுக்கையறைக்கு வழவழப்பு என்று தரை போட்டார்கள். குழாய்க்கு டிப்போவில் போய்க் கேட்டார். கழித்துப் போட்ட பஸ்ஸின் கைப்பிடிக் கம்பிகளைப் பட்டறைக்காரர்கள் எடுத்துக்கொடுத்தார்கள், எத்தனையோ வருடம் எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து வழுவழுத்த கம்பி. வெல்டர் வைத்துப் பிடிக்க, ஆபரேட்டரம்மா கையால் அளந்து மனைவியிடம் சொல்ல, மனைவி தையல் டேப்பை நீட்ட, பிரேக் குறித்துக்கொண்டார். இரும்புக் கடையில் தேடித் தேடிப் பாத்திரங்களில் பாதியை மீட்டார். புடவைகள் போனது போனதுதான். கடிகாரம் ஒரு மூலையில் கிடைத்தது. கடைக்காரர் உடைந்ததென்று நினைத்து அதற்கு ஒரு கண்ணாடி மாட்டி விற்க வைத்திருந்தார். பிரேக் அதை வாங்கிவந்து கண்ணாடியைக் கழற்றினார்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் அவளைக் கூட்டி வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். கோலை மடக்கிப் பைக்குள் வைத்தாள். உள்ளே காலெடுத்து வைத்து, வலது கையை நீட்டினாள்.

கம்பி இருந்தது.

அவள் கை கம்பியில் வழுக்கிக்கொண்டு போனது. கால் சொரசொரப்பில் போய், வழவழப்பில் போய், மொசைக்கில் நின்றது. பாத்திரம் ஒன்றை எடுத்தாள், எடுத்த இடத்தில் வைத்தாள். கடிகாரத்தின் முட்களைத் தொட்டு நேரம் பார்த்தாள். ஜன்னல் வளைவுக்கு வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தோள் குலுங்கியது. மனைவி மெதுவாக எழுந்து எதிர் வீட்டுக்குப் போய்விட்டாள். பிரேக்குக்குப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது. நகர்ந்தார், கதவில் இடித்துக்கொண்டார்.

"டிரைவர்," என்றாள் அவள். அவரிடம் அவள் நேராகப் பேசியது முதல் நாளுக்குப் பிறகு அப்போதுதான். "ஏன் இருட்டுல நிக்கறீங்க? சுவிட்ச் சத்தமே கேக்கலையே."

"பல்பு இல்லம்மா. எல்லாத்தையும் கழட்டிட்டேன். முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்னு."

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். கண்ணில் ஈரத்தோடு சிரித்தாள்.

"முன்ன என் வீட்டுக்கு யாரு வந்தா, பல்பு மாட்ட? இனிமே நீங்கல்லாம் வருவீங்க, போவீங்க. முட்டிக்காம வாங்க. ஒண்ணு மாட்டுங்க."

பிரேக் விறுவிறுவென்று வெளியே வந்தார். எதிர் வீட்டுக்குப் போனார். கழற்றிய பல்புகளெல்லாம் ஏதோ மூட்டைக்கு அடியில் இருந்தன, தேடுகிற நிலையில் அவர் இல்லை. கூடத்தில் நாற்காலியைப் போட்டு ஏறி, எரிந்துகொண்டிருந்த பல்பை அப்படியே கையைச் சுட்டுக்கொண்டே கழற்றினார். வீடு இருண்டது. தையல் மெஷின் நின்றது. யாருங்க லைட்ட அணைச்சது என்று மனைவி உள்ளேயிருந்து கத்தினாள். அவர் அதற்குள் எதிர் வாசலைத் தாண்டியிருந்தார்.